இறால் ஷெட்டிலும் ஆழ்கடல் படகிலும் எழுத்துக் கணக்கு வேண்டும்: குமரி–கேரள எல்லைக்காரர்கள் பேசுவோம்

கொல்லங்கோட்டான் (இழையைத் தொடங்கியவர்)

நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும் உள்ள ஊர்களின் பிழைப்பு இரண்டு வழியாகக் கேரளத்துக்குள் போகிறது. ஆண்கள் தோப்பும்படி, முனம்பம் துறைமுகங்களில் ஆழ்கடல் விசைப்படகு ஏறுகிறார்கள். பெண்களில் ஒரு பகுதியினர் சக்திகுளங்கரை, அரூர், சேர்த்தலைப் பக்கம் இறால், கணவாய் உரித்துச் சுத்தம் செய்கிற ஷெட்டு வேலைக்குப் போகிறார்கள். ஒரு காலத்தில் குஜராத்தின் வேராவல் வரைக்கும் போனவர்கள் இவர்கள். இப்போது அதே படகிலும் அதே ஷெட்டிலும் ஒடிசா, அசாம், வங்காளத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

என்ன கூலி பேசி எடுத்தார்கள், எவ்வளவு வேலை நடந்தது, எதைப் பிடித்தார்கள், எவ்வளவு பாக்கி என்று சொல்ல இவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கணக்கு முழுவதும் முதலாளியின் நோட்டிலோ தரகரின் மண்டையிலோதான் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு எழுதவும் அளக்கவும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவை நிறுத்தியது. சுத்தம் போதாது என்றார்கள். அதற்குப் பிறகு ஏற்றுமதி ஆலைகளில் தரைக்கு டைல்ஸ் வந்தது, குடிநீர்த் தரத்தில் தண்ணீர் வந்தது, தலைக்குத் தொப்பி, கைக்குக் குளோரின் தொட்டி எல்லாம் வந்தது. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதற்குக்கூடப் பதிவேடு உண்டு. 2019இல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. இழுவலையில் ஆமை மாட்டுகிறது என்பது காரணம். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆமை தப்பிப்பதற்குக் கருவி வடிவமைத்துக் கொடுத்தது. ஆன்டிபயாட்டிக் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் ஆய்வகம் கண்டுபிடித்துவிடுகிறது.

ஆமையைக் காப்பாற்றியது நல்லது, சுத்தமும் நல்லது. ஆனால் இறால் உரிக்கிற பெண்ணின் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆய்வாளர் அவள் கூலிச் சீட்டைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சீட்டும் வந்திருக்கும். வாங்குகிறவன் கட்டாயப்படுத்திய எல்லாம் வந்திருக்கிறதே!

2024-25இல் இந்தியாவிலிருந்து 16.98 லட்சம் டன் கடலுணவு போனது, மதிப்பு 62,408 கோடி ரூபாய். ஒரு சீட்டு அடிக்க முடியாத ஏழைத் தொழில் அல்ல இது.

வேலைக்குப் போனவர்கள், ஷெட் வைத்திருப்பவர்கள், படகுக்காரர்கள் எல்லாரும் எழுதுங்கள். ஊர்ப்பெயர் வேண்டுமானால் போடுங்கள், கம்பெனிப் பெயர் வேண்டாம்.

மார்த்தாண்டன்துறை அக்கா

நான் கல்யாணத்துக்கு முன்னாலும் போயிருக்கிறேன், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் போயிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

கூலி கிலோவுக்குத்தான். பேசினில் இறால் தருவார்கள், உரித்துக் கொண்டு போனால் எடை போட்டு டோக்கன். சாயங்காலம் டோக்கனை எண்ணிப் பணம், அல்லது சனிக்கிழமை மொத்தமாக. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பெரிய இறால் கைக்கு வந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற காசு, கரிக்காடி, பூவாலன் என்கிற பொடி இறால் வந்தால் அரை நாள் குனிந்து இருந்தாலும் கிடைக்காது. எந்த பேசின் யாருக்கு என்பது சூப்பர்வைசர் இஷ்டம். அவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவளுக்குப் பொடி இறால்.

எடை இன்னொரு தொல்லை. தண்ணீர் வடியட்டும் என்று பேசினைச் சாய்த்து வைப்பார்கள். எவ்வளவு நேரம் சாய்ப்பது என்பதற்கு விதி கிடையாது. தராசின் முகம் நம் பக்கம் திரும்பியிருக்காது. நாள் முழுக்க இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை யாரிடம் போய்ச் சொல்ல?

அப்புறம் காத்திருப்பு. சரக்கு வண்டி எப்போது வருமோ தெரியாது. விடியுமுன்னே எழுப்பி உட்கார வைப்பார்கள், வண்டி மத்தியானம் வரும். வராமலேயும் போகும். அந்த நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. வண்டி ராத்திரி வந்தால் ராத்திரி முழுக்க வேலை. ஐஸ் தண்ணீரில் கை மரத்து, இறால் கொம்பு குத்தினது தெரியாது. மறுநாள் வீங்கின பிறகுதான் தெரியும். உறை போட்டால் பொடி இறால் வழுக்கும், அதனால் விரல் நுனியை வெட்டிவிட்டுத்தான் போடுவோம். குளோரினில் நகக்கண் வெந்து போகும். விரல் அழுகியவளை ஆலைக்குள் விட மாட்டார்கள், சுத்த விதி. அந்த வேலையில் அழுகின விரலுக்கு லீவும் கிடையாது, மருந்துக் காசும் கிடையாது. ஊருக்குப் போ என்பார்கள்.

கூட்டிப் போகிற ஆள் வீட்டில் முன்பணம் கொடுத்திருப்பார். அது அடைந்ததா, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் "கணக்கு என்னிடம் இருக்கிறது மக்கா, பயப்படாதே" என்பார். கொல்லங்கோட்டுத் தம்பி சொன்ன காகிதம் எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அரூர் ஷெட்

நான் சின்ன ஷெட் நடத்துகிறவன், தாய்வழி பாறசாலை. அக்கா சொன்ன தராசு விஷயம் பல இடத்தில் உண்மை. மறுக்கவில்லை. எங்கள் பக்கமும் கேளுங்கள்.

ஷெட்டுக்காரன் இறாலை விற்பதில்லை. ஏற்றுமதிக் கம்பெனி சரக்கைக் கொடுத்து, உரித்துத் தர கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறது. அந்த விலைக்குள் கூலி, ஐஸ், கரண்ட், தண்ணீர், வண்டி, தங்குமிடம் எல்லாம் அடங்க வேண்டும். உரித்த பிறகு எடைக் குறைவு என்று கம்பெனியும் எங்களைப் பிடிக்கும். பணம் வாரக் கணக்கில் இழுக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது முதல் ஃபோன் எங்களுக்குத்தான் வந்தது, கிலோவுக்குக் குறைத்துக்கொள் என்று. அமெரிக்கக்காரன் கூட்டின வரி அரூரில் ஒரு பெண்ணின் டோக்கனில் வந்து நின்றது.

சீட்டு அடிக்க நான் தயார். செலவு பெரிதல்ல. ஆனால் உண்மையான நேரத்தையும் கூலியையும் எழுதினால், அந்தக் கிலோ விலைக்குச் சட்டக் கூலி கட்டாது என்று அந்தச் சீட்டே காட்டிக்கொடுக்கும். அப்போது தண்டனை எனக்கு வரும், விலை வைத்த கம்பெனிக்கு வராது. பக்கத்து ஷெட்டுக்காரன் சீட்டே இல்லாமல் என் சரக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

நாகர்கோவில் தொழிலாளர் வழக்கு

இந்த வழக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சில விவரம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. பழைய சட்டப் பெயர்களையே இன்னும் பலர் சொல்கிறார்கள். கீழே உள்ள உரிமைகள் பழையதிலும் இருந்தவை, அல்லது புதியதில் தெளிவாக வந்தவை.

கிலோக் கூலி என்பதால் குறைந்தபட்சக் கூலி கிடையாது என்பது பொய். நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிற தொழிலில் ஒருவரைக் கிலோக் கணக்கில் வேலை வாங்கினாலும், அந்த நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது, புதிய ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது. மீன் உரித்தல், பதப்படுத்தல் வேலை கேரளத்தின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உள்ள தொழில். ஆகவே பொடி இறால் வந்த நாளில் டோக்கன் குறைந்தால், குறைந்ததை நிரப்ப வேண்டியது முதலாளி.

அக்கா சொன்ன காத்திருப்புக்கும் பதில் உண்டு. வேலை செய்ய ஆள் தயாராக வந்து, முதலாளி வேலை கொடுக்க முடியாததால் நேரம் குறைந்தால், முழு நாள் கூலி. பழைய சட்டத்தில் 15ஆம் பிரிவு. சரக்கு வண்டி வராதது தொழிலாளியின் குற்றம் அல்ல.

கூலிச் சீட்டு கட்டாயம். வேலைக்கு எடுத்ததற்குக் கடிதமும் கட்டாயம். வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலை நாளுக்குள் முழுக் கணக்கும் தீர்க்க வேண்டும். பாக்கிக் கூலி கேட்க முன்பு ஆறு மாதம்தான் இருந்தது, இப்போது மூன்று ஆண்டு. ஊருக்குத் திரும்பி வந்து மூச்சு விட்ட பிறகும் கேட்கலாம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஷெட்டுக்கார அண்ணனின் கேள்விக்கு: ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் அந்தப் பொறுப்பு நிறுவன உரிமையாளருக்குப் போகும் என்று சட்டம் சொல்கிறது. சரக்கு கம்பெனியுடையது, தரம் கம்பெனி சொல்கிறது, விலை கம்பெனி வைக்கிறது. அப்படியானால் ஷெட் தனி நிறுவனமா, கம்பெனியின் கையா என்று கேட்க இடம் உண்டு. அதைக் கேட்கவும் சீட்டுதான் வேண்டும். எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிச் சரக்கு உரித்தது என்று அதில் இருந்தால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது.

1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் உழைப்பே அரசியல் சட்டம் 23ஆம் பிரிவில் தடுத்த கட்டாய உழைப்புதான் என்றது. கேட்டுக்கு பூட்டுப் போட்டால்தான் அடிமைத்தனம் என்று நினைக்க வேண்டாம். முன்பணத்தைக் காட்டி ஊருக்கு விடாமல் வைத்தால் 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேரும்.

தூத்தூர் ஸ்ராங்கு

ஷெட்டைப் பற்றி நிறைய வந்துவிட்டது. படகைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கள் முறை பங்கு. ஒரு தங்கல் (பல நாள் கடல் பயணம்) முடிந்து கரை பிடித்து, மீன் ஏலம் போய், அதில் டீசல், ஐஸ், ரேஷன், கமிஷன் கழித்து, மிச்சத்தில் படகுக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. படகை ஓட்டுகிற ஸ்ராங்குக்குக் கூடுதல். வீதம் படகுக்குப் படகு மாறும். இது எங்கள் முன்னோர் வைத்த முறை. நல்ல முறை என்றுதான் நான் சொல்வேன். மீன் பட்டால் எல்லாருக்கும் படுகிறது. மாதச் சம்பளம் வேண்டும் என்று வெளியிலிருந்து யாராவது வந்து சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கழிக்கிற இடத்தில்தான் கதை. டீசல் எத்தனை லிட்டர், எந்த விலை? ஐஸ் எத்தனை பிளாக்? கமிஷன் எத்தனை சதவீதம்? படகுக்காரர் தரகரிடம் கடன் வாங்கியிருப்பார், அதனால் மீன் அந்தத் தரகர் கையில்தான் ஏலம் போகும். விலை ஒரு ரூபாய் குறைந்தாலும் படகுக்காரர் பேச முடியாது. அந்த ஒரு ரூபாய் எல்லார் பங்கிலும் குறைகிறது. கடன் படகுக்காரருடையது, வட்டி கட்டுவது நாங்களும். பில்லைக் காட்டுங்கள் என்றால் "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். நம்பிக்கை இருப்பதனால்தான் வாரக் கணக்கில் ஒரே படகில் கடலில் கிடக்கிறோம். பில் வேறு.

வடக்கத்திப் பையன்களுக்குப் பங்கு கிடையாது. தங்கலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. மீன் நன்றாகப் பட்டாலும் அதே தொகைதான். ராத்திரி வலை வலிக்கும்போது அவர்கள் கை நம் கையோடு சேர்ந்துதான் வலிக்கிறது. இதை நம் ஊர்க்காரர்களே செய்கிறோம், அதனால் நாமே பேச வேண்டும்.

இன்னொன்று, உயிர் விஷயம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்று கரையில் முழுப் பட்டியல் இல்லை. ஊர் ஊராகப் பங்குத்தந்தைமார் உட்கார்ந்து வீடு வீடாகக் கேட்டுப் பெயர் எழுதினார்கள். அரசுக் கணக்கு ஒன்று, ஊர்க் கணக்கு ஒன்று. கேரளத்தில் ஏறினவன் தமிழ்நாட்டுக் கணக்கில் வருவானா என்று வாதம். வெளி மாநிலப் பையன்கள் எத்தனை பேர் போனார்கள் என்று சொல்ல ஆளே இல்லை. அவர்களுடைய வீட்டில் யாருக்கு ஃபோன் பண்ணுவது?

மீன்பிடி வேலை பற்றி உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை ஒன்று உண்டு, 188ஆம் எண். 2007இல் ஏற்றது, 2017 நவம்பர் 16இல் அமலுக்கு வந்தது. ஒக்கிக்கு இரண்டே வாரம் முன்னால். படகு புறப்படுமுன் ஆள் பட்டியல் ஒன்று கரையில் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் எழுத்து ஒப்பந்தம், பங்கு முறை என்றால் பங்கைக் கணக்கிடும் விதம் அதில் வேண்டும். வேலை பிடித்துக் கொடுத்ததற்கு ஆளிடம் காசு வாங்கக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் கடலில் இருந்தால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு. தாய்லாந்து 2019இல் ஏற்றுக்கொண்டது. இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வள்ளவிளை இளைஞன்

ஸ்ராங்கு அண்ணே, 2012 சம்பவத்தையும் சொல்லுங்கள். அதில்தான் எங்கள் தலைமுறைக்கு இது உறைத்தது.

தூத்தூர் ஸ்ராங்கு

சரி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2012 பிப்ரவரி 15, கொல்லத்துக்கு அப்பால் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், ஒருவர் நம் இரையுமன்துறை. 2021இல் இத்தாலி 10 கோடி கட்டி வழக்கு முடிந்தது. இறந்த இரண்டு குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. குண்டுக்கு நடுவே உயிர் பிழைத்த மற்ற ஆட்களுக்கு முதலில் ஒன்றும் இல்லை. அவர்கள் உச்ச நீதிமன்றம் போய் முறையிட்ட பிறகுதான் அந்த 2 கோடியிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் என்று ஆனது.

உலகமே பார்த்த வழக்கில் இந்த நிலை. ஒரு சாதாரண விபத்தில் விரல் போனவனைப் பற்றி யார் கேட்பார்கள்?

சூளூர்பேட்டைத் தமிழன்

நான் ஆந்திர எல்லை, தடாவுக்கு வடக்கே. எங்கள் பக்கம் கடல் இறால் குறைவு, பண்ணை இறால்தான். 2009க்குப் பிறகு வன்னாமி என்கிற பண்ணை இறால் வகை வந்து, நெல்லூர் முழுக்கக் குளமாகிவிட்டது. பதப்படுத்தும் ஆலைகள் பெரிது. உங்களுடைய சின்ன ஷெட் பிரச்சினை வேறு, எங்கள் பெரிய ஆலைப் பிரச்சினை வேறு.

இங்கே சீட்டு உண்டு. பி.எஃப். எண் உண்டு, சுவரில் சான்றிதழ் ஃபிரேம் போட்டுத் தொங்கும். 2024 மார்ச்சில் சிகாகோவைச் சேர்ந்த ஒரு சட்ட உரிமை அமைப்பு இந்திய இறால் தொழிலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கூலி குறைவு, கடன், நெரிசலான தங்குமிடம், கணக்கில் வராத உரிப்பு ஷெட்டுகள் என்றெல்லாம் அதில் இருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தியும் வந்தது. ஏற்றுமதியாளர்களும் அரசும் மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்பதில் நான் புகவில்லை. ஆனால் சோதனைக்கு ஆள் வரும் தேதி எங்கள் பகுதியில் முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பாத்ரூமில் சோப்பு இருக்கும், ஒப்பந்த ஆட்களில் பாதிப்பேருக்கு விடுமுறை.

தங்குமிடம் ஆலைக்குள்ளேயே இருந்தால் இன்னொரு தொல்லை. வேலை நேரம் எது, வீட்டு நேரம் எது என்ற கோடே அழிந்துவிடும். சரக்கு வந்தால் கதவைத் தட்டுவார்கள். வெளியே கடைக்குப் போகக் கேட்டில் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பெண்கள் ஒடியா பேசுகிறார்கள், சூப்பர்வைசர் தெலுங்கு, சோதனைக்கு வருகிறவர் ஆங்கிலம். கேள்வியை மொழிபெயர்ப்பதே சூப்பர்வைசர்தான். என்ன பதில் வரும்?

அதனால் சீட்டு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். சீட்டில் எட்டு மணி நேரம் என்று அச்சடித்திருக்கும், வேலை பன்னிரண்டு மணி நேரம் நடந்திருக்கும்.

மார்த்தாண்டன்துறை அக்கா

சூளூர்பேட்டைத் தம்பி சொல்வது சரி. முதலாளி எழுதின சீட்டு ஒன்று, நாம் எழுதின கணக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். எங்கள் கூட ஒரு பெண் தினமும் டோக்கன் எண்ணிக்கையையும் வந்த நேரம் போன நேரத்தையும் காலண்டர் தாளுக்குப் பின்னால் எழுதி வைப்பாள். எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். கணக்குப் பார்க்கும் நாளில் அவளிடம் மட்டும் சூப்பர்வைசர் குறைத்துப் பேசியதில்லை.

குளச்சல் வியாபாரி

இவ்வளவு கொடுமை என்றால் வெளிநாட்டுக்காரன் வாங்காமல் நிறுத்தட்டுமே. அப்போது கம்பெனிகள் தானாக வழிக்கு வரும்.

மார்த்தாண்டன்துறை அக்கா

தம்பி, 50 சதவீத வரிக்கே எங்கள் டோக்கன் குறைந்தது என்று மேலே ஷெட்டுக்காரர் எழுதியிருக்கிறார். வாங்காமல் நிறுத்தினால் கம்பெனிக்காரர் வேறு தொழில் பார்ப்பார். நாங்கள் எங்கே போக? வாங்கட்டும், ஆனால் கேட்டு வாங்கட்டும். ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்று கேட்கிறவன், உரித்தவளுக்குக் கூலி போனதா என்றும் கேட்கட்டும். கேட்டுவிட்டு அதற்கான விலையையும் தரட்டும்.

அரூர் ஷெட்

கடைசி வரியைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி எங்களுக்கு வைக்கிற கிலோ விலையில், சட்டக் கூலி இவ்வளவு என்று தனிவரியாக எழுதட்டும். அந்த வரியில் யாரும் பேரம் பேசக் கூடாது. ஐஸிலும் வண்டியிலும் பேரம் பேசிக்கொள்கிறோம். இது எல்லா ஷெட்டுக்கும் ஒன்றாக வந்தால் சீட்டு அடிக்க எனக்குப் பயமில்லை. தராசை உரிக்கிறவர் பக்கம் திருப்பி வைக்க யார் அனுமதியும் வேண்டாம், அதை நாளைக்கே செய்கிறேன்.

நீண்டகரை நர்ஸ்

கூலியிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் அவசரமான விஷயம். உறைய வைக்கும் ஆலைகளில் அமோனியா இருக்கிறது. 2024 ஜூலையில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டாவது வாசல் எங்கே, அது ராத்திரியில் பூட்டியிருக்குமா? ஆள் தப்பித்து ஓடக் கூடாது என்று வெளியே பூட்டுகிற தங்குமிடம் இருந்தால் அந்த வேலை வேண்டாம். நெடி வந்தால் காற்று வருகிற திசைக்குக் குறுக்காக வெளியேறுங்கள், ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள், கண்ணில் பட்டால் சுத்தத் தண்ணீரால் நிறுத்தாமல் கழுவுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம், மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25. அழுகின விரலோடு ஊருக்கு அனுப்புவதற்குப் பதில் சிகிச்சையும் லீவுச் சம்பளமும் அதில் கிடைக்கும். பிடித்தம் மட்டும் நடந்து எண் கொடுக்காத இடங்கள் இருக்கின்றன. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில் தொழிலாளர் வழக்கு

நர்ஸ் அக்காவோடு ஒன்று சேர்க்கிறேன். சூப்பர்வைசரின் தொல்லையைப் பற்றி அக்கா மேலே ஜாடையாக எழுதியிருந்தார். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் புகாரைக் கேட்க உள்குழு வேண்டும். அதற்குக் கீழே உள்ள ஷெட்டுக்கு மாவட்டக் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பொடி இறாலைத் தண்டனையாகக் கொடுப்பதும் அந்தப் புகாரில் எழுத வேண்டிய விஷயம்தான்.

கொல்லங்கோட்டான்

எல்லாவற்றையும் படித்தேன். சீட்டு மட்டும் போதாது என்று சூளூர்பேட்டை நண்பர் சொன்னதை ஏற்கிறேன். எதிர்க்கணக்கு தொழிலாளி கையில் இருந்தால்தான் சீட்டுக்கு உயிர். அதனால் இரண்டு வேலையாகப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஷெட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள். வந்த நேரம், போன நேரம், சரக்கு இல்லாமல் காத்திருந்த நேரம், இறால் வகை, கிலோ, டோக்கன், கம்பெனிப் பெயர், வாங்கின முன்பணம், பிடித்தது. தமிழிலும் மலையாளத்திலும் அச்சடிக்கலாம். ஒடியாவில் எழுதித்தர யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நம் ஆட்களுக்கு மட்டும் நோட்டு கொடுத்தால், நாளைக்கு நோட்டு இல்லாதவர்களைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். நம் பெண்களுக்கு வேலை போகும், அவர்களுக்குக் கூலி போகும்.

படகுக்கு ஆள் பட்டியல். மேற்குக் கரைத் தடைக்காலம் ஜூலை 31உடன் முடிகிறது. படகுகள் புறப்படுமுன் ஒவ்வொரு ஊர்த் தேவாலயப் பங்குப் பேரவையிலும் ஒரு பதிவேடு வைக்கலாம். ஒக்கியின்போது பிறகு செய்ததை இப்போது முன்னால் செய்வதுதான். அரசு உடன்படிக்கையை ஏற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டீசல் பில், ஐஸ் பில், ஏலச் சீட்டு மூன்றையும் படம் எடுத்துப் படகின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என்று படகுக்காரர்கள் ஒத்துக்கொண்டால் பங்கு முறைக்கு ஒரு கெடுதலும் வராது.

இரவிபுத்தன்துறை படகு

நான் படகுக்காரன். ஏலச் சீட்டும் டீசல் பில்லும் போடுகிறேன், பிரச்சினை இல்லை. தரகர் கடன் விவரத்தைக் குழுவில் போட முடியாது, அது என் குடும்ப விஷயம். ஆனால் கமிஷன் சதவீதத்தை ஏலத்துக்கு முன்னாலேயே ஆட்களிடம் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கடன் கிடைத்தால் தரகரிடம் போக வேண்டியதில்லை. அதற்கும் இதே இழையில் யாராவது வழி சொன்னால் நல்லது.

தூத்தூர் ஸ்ராங்கு

கமிஷனை முன்னால் சொல்வது நல்ல தொடக்கம். ஆள் பட்டியலில் வடக்கத்திப் பையன்களின் பெயரை நாம் கூப்பிடுகிற செல்லப் பெயராக எழுத வேண்டாம். ஆதாரில் உள்ள பெயர், ஊர், போலீஸ் ஸ்டேஷன், வீட்டில் பேசுகிற ஒருவரின் ஃபோன் எண். தங்கலுக்குப் பேசின தொகையையும் அதே வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த பிறகு எங்கள் படகுப் பட்டியலை நான் கொண்டு வருகிறேன். மற்ற ஸ்ராங்குமாரும் அன்றைக்கே கொண்டு வந்தால் ஒரே நோட்டில் ஏற்றிவிடலாம்.